பின்வளவுக்கு ஒரு வரைபடம்

பின்வளவைத் திட்டமிடுகிறவர் முதலில் குசினி வாசற்படியில் நிற்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். வேலியோரமாக நின்று, வீட்டைப் பார்த்தபடி, இங்கே வாழை, அங்கே தென்னை என்று கையை நீட்டுவார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் வளவைப் பார்க்கப் போவது சமைத்துக்கொண்டு நிற்கிற குசினியிலிருந்துதான். அந்தப் படியில் நின்று, கண்ணில் என்ன படுகிறது, எது எதை மறைக்கிறது என்று பார்த்த பிறகே பென்சிலைத் தொட வேண்டும்.

நீங்கள் அந்த வாங்கில் இருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. போனமுறை மரண விசாரணைக்கு வந்தபோது கிணற்றடியில் நின்றுவிட்டு அப்படியே போய்விட்டீர்கள். உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும், விளங்குகிறது. இந்தமுறை என் மகள் ஜெசிகா கூப்பிட்டு வந்திருக்கிறீர்கள், ஆறுதலாகப் பார்க்கலாம். இந்த வாங்கிலிருந்து பார்த்தால் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே உள்துறைமுகம் தெரிகிறதல்லவா. ஓர்ஸ் ஹில்லில் எத்தனையோ வீடு இருக்கிறது, எத்தனை வீட்டுக்கு இப்படி ஒரு பார்வை வாய்த்திருக்கிறது. என் மனைவி கிறேஸ் பிறந்து வளர்ந்த வளவு இது. அவள் இந்தப் பார்வைக்குக் குறுக்கே உடுப்புக் கொடி கட்டி வைத்திருந்தாள். தண்ணீரையும் கப்பலையும் பார்க்க வேண்டுமென்றால் அவளுடைய நைட்டிகளை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். பற்றிக் சேர் வரைந்தால் மேசன் கேள்வி கேட்கத் தேவையில்லை என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம், சந்தை, இறங்குதுறை என்று ஊராருக்கெல்லாம் வரைந்தேன். கட்டினவனுக்கு ஒரு வீடு, கட்டாதவனுக்குப் பல வீடு என்பார்கள். வரைந்தவனைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் அப்படித்தான் வந்தேன்.

கிறேஸ் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாமல் இருப்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. நான் ஒரு தேசிக்கன்றை நட்டு வைப்பேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது வேலியோரம் போயிருக்கும். கேட்டால், "அது அம்மா வெங்காயம் காயப் போடுற இடமெல்லே, இஞ்சருங்கோ" என்பாள். அவள் அம்மா செத்து எவ்வளவோ காலம். வெங்காயத்தை நாங்கள் கடையில் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆனாலும் அந்த இடம் வெங்காயத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது.

அந்த வளவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோழி இல்லாத கோழிக்கூடு. பெயின்ற் தகரங்களில் வைத்த பூக்கன்றுகள், அவற்றில் பாதி மான் கடித்தவை. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் மான்களுக்கு வேலி ஒரு பொருட்டில்லை. உடைந்த உடுப்புத் தோய்க்கிற கல். நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம், நின்ற இடத்தில் நின்று எதையும் மறைக்கத் தெரிந்த மரம். ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் ஒழுங்குபடுத்தலாம் என்று நினைத்திருந்தேன். வாழ்நாள் முழுதும் பிறருக்கு வரைந்த கை, எனக்கென்று ஒரு வளவு வரையட்டும் என்று ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

நான் ஓய்வு பெற்ற வருடமே அவளுக்குக் கண் போனது. சீனி வருத்தம், நீரிழிவு. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு எல்லாம். கடைசி வெளிச்சமும் போன கிழமையில் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"இஞ்சருங்கோ, வீட்டிலயும் வளவிலயும் ஒண்டையும் இடம் மாத்தாதேங்கோ. நான் என்ர வளவை மனசில வச்சிருக்கிறன். அது எனக்குக் காணும்."

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது.

அவள் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்க வந்திருப்பது அதைத்தான். உடுப்புக் கொடியின் ஒரு நுனி குசினித் தூணில் இருந்தது, மறுநுனி கறிவேப்பிலை மரத்தில். படியிறங்கி இடது கையால் கொடியைப் பிடித்துக்கொள்வாள். கொடி முடிகிற இடத்தில் இலைகள் தோளில் உரசும். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பாள். பிறகு வலப்பக்கம் திரும்புவாள். அங்கே குளியலறை. காலில் செருப்புப் போடமாட்டாள், மண் எங்கே இறுகுகிறது, எங்கே மணலாகிறது என்று பாதமே அவளுக்குச் சொல்லும். கிணறு அப்பால், இடது வேலிப் பக்கம், நெஞ்சளவு கட்டோடு இருந்தது. அதன் பக்கம் அவள் போகவே வேண்டியதில்லை. கோயிலால் வருகிறவர்கள் எல்லாரும், கண் தெரிந்த எங்களைவிட கிறேஸ் ரீச்சர் நல்லாக நடக்கிறா என்று புகழ்வார்கள். பக்கத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற என்னை ஒருவரும் புகழவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஒருமுறை கதிரை ஒன்றை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டேன், வெயில் முகத்தில் அடித்தது. அவள் வந்து முட்டிக்கொண்டாள். முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஆரோ கதிரையை அரக்கிப் போட்டினம் போல" என்றாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன், சரியாகிப் போயிருக்கும். அவள் கோபிக்கவில்லை. நான் கதிரையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அன்றைக்குத்தான் ஐயா எனக்கு விளங்கியது, இனி நான் சாகும்வரை இந்த வளவில் ஒரு கல்லைக்கூடப் புரட்டப் போவதில்லை என்று. எனக்கு அவள்மேல் வெறுப்பு வந்தது. இதை நான் ஒளிக்கவில்லை.

பிறகு அவளுக்குக் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். பல கிழமை இருக்க வேண்டும் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து, படியில் நின்று, பென்சிலை எடுத்தேன்.

கிண்ணியாவிலிருந்து மஹ்ரூப்பைக் கூப்பிட்டேன். அவனை உங்களுக்குத் தெரியும், இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். நல்ல மேசன், கோட்டுக்குக் கோடு வைப்பான். ஆனால் கொஞ்சம் அதிகம் கதைப்பான். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவன் முதலில் கேட்டது இதுதான்.

"சேர், மெடத்துக்குக் கண் தெரியாதே. இதையெல்லாம் மாத்தினா அவங்க எப்பிடி நடக்கிற?"

"அது நான் சொல்லிக் குடுப்பன்" என்றேன். அவன் பிறகு கேட்கவில்லை.

மாற்றியவற்றைச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தகரங்கள், கோழிக்கூட்டின் முன்பக்கம், தோய்க்கிற கல், எல்லாம் அகற்றினோம். மண் முழுதும் சீமெந்துக் கல் பதித்தோம். மழைக்குச் சேறு இல்லை, எங்கே கால் வைத்தாலும் ஒரே சமம். உடுப்புக் கொடி பார்வையை மறித்ததால் அதை இடது வேலியோரமாகக் கொண்டுபோனேன். குசினித் தூண் அதே தூண்தான், மறுநுனிக்கு ஒரு இரும்புக் கம்பம் நட்டோம். கறிவேப்பிலை மரத்தைத் தறித்தோம். முழுவதும் அழிக்கவில்லை. அடியில் தோளளவு வளர்ந்திருந்த கன்றொன்றை வேரோடு எடுத்து, ஒரு பெரிய சீமெந்துத் தொட்டியில் வைத்தேன். கிணற்றடி மூலை வெறுமையாக இருந்தது, அங்கே பச்சையாக ஏதாவது வேண்டும். அதனால் தொட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தாளில் பார்த்தால் இவ்வளவுதான். தூண், கொடி, கறிவேப்பிலை. அதற்கு வலப்பக்கம் கிணறு.

குளியலறைக்குப் புதுப் பாதை ஒன்றும் போட்டேன். அதன் ஓரத்தில் கைபிடிக் குழாய் பூட்ட இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுந்து போய்ப் பார்க்கலாம். அவளை நினைத்து விட்ட இடம். குழாய் வாங்கத்தான் நாள் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தாதிமாரின் போனில் எடுப்பாள். "வளவில ஒண்டையும் மாத்தேல்லத்தானே?" என்று கேட்பாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன் அதைக் கேட்பாள். "ஓம், எல்லாம் அப்பிடியே கிடக்கு" என்பேன். அவளுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கண் தெரியாதவளுக்கு வளவில் என்ன ஆச்சரியம் என்று நேற்று மகள் கேட்டாள். கேட்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கிணற்றுக்கு வருகிறேன். பழைய கட்டு பாசி பிடித்து வெடித்துப் போயிருந்தது. அதை உடைத்து, ஆள் குந்தியிருக்கக்கூடிய உயரத்தில் புதுக்கட்டு, மேலே இரும்பு வலை மூடி. பழையதைவிடப் பாதுகாப்பு. வரைபடம் உள்ளே இருக்கிறது, மூடி அதில் தெளிவாக இருக்கிறது. கடைசியாக மிஞ்சியிருந்த வேலை அதுதான்.

அவளைத் திங்கட்கிழமை விடலாம், அவசரமென்றால் வெள்ளிக்கிழமையும் கூட்டிப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வெள்ளி என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் மஹ்ரூப்பிடம் கிணற்றுக்கட்டை உடைக்கச் சொன்னேன். அவன் தயங்கினான்.

"இண்டைக்கு ஜும்மா சேர். நான் இடையில பள்ளிக்குப் போகணும். கட்டை நாளைக்கு உடைச்சு நாளைக்கே கட்டிருவமே. திறந்த கிணத்த விட்டுட்டுப் போக மனசு கேக்காது."

உடை என்றேன். உடைத்தான். தொழுகைக்குப் போகுமுன் குறுக்கே பலகைகள் போட்டு, அதன்மேல் தகரத்தை விரித்து, சுற்றிவரக் கல் ஏற்றினான். ஒரு காலை வைத்து அமத்தியும் பார்த்தான். போகும்போது திரும்பிவந்து, "மெடத்தக் கூட்டி வந்தா முன்பக்கமாவே வச்சிருங்க சேர், நான் தொழுதிட்டு ஓடி வந்திருறன்" என்றான்.

விசாரணையில் நான் உங்களிடம், மஹ்ரூப் கிணற்றை மூடாமல் போய்விட்டான் என்று சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அவன் மூடிவிட்டுத்தான் போனான். கல்லையும் தகரத்தையும் பலகைகளையும் நான் எடுத்தேன். கொண்டுபோய்க் கோழிக்கூட்டின் பின்னால், விறகுக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். வளவு முடிந்துவிட்டது ஐயா. வாங்கு, பாதை, தொட்டி, துறைமுகம், எல்லாம் அது அதன் இடத்தில். அதற்கு நடுவில் ஒரு கறள் பிடித்த தகரம். வரைபடத்தில் கிணறு என்பது ஒரு வட்டம். அந்த வட்டத்தை ஒருமுறை சுத்தமாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன். பிறகு ஓட்டோ பிடித்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன்.

அவள் சந்தோஷமாக வந்தாள். காலில் கட்டு, அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பு. வீட்டுக்குள் வந்ததும் கதிரை, மேசை, அலுமாரி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. வீட்டுக்குள் நான் எதையும் மாற்றவில்லை. "நீங்கள் நல்லாப் பாத்து வச்சிருக்கிறீங்கள்" என்றாள். எனக்கு அந்தச் சொல் சுட்டது. கொஞ்சம்தான்.

"ஒருக்கா முகம் கழுவிப்போட்டு வாறன்" என்று குசினிப் பக்கம் போனாள். நான் பின்னால் போய்ப் படியில் நின்றேன். வளவைத் திட்டமிடுகிறவர் நிற்க வேண்டிய இடம் என்று முதலில் சொன்னேனே, அந்தப் படி.

அவள் தூணைத் தொட்டாள், கொடியைப் பிடித்தாள். "கொடி புதுசு போல கிடக்கு" என்றாள்.

"பழசு அறுந்துபோச்சு" என்றேன். நான் அவளுடன் கதைத்த கடைசிக் கதை அது.

கொடி முடிகிற இடத்தில் இலை அவள் தோளில் உரசியது. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தாள். நல்லாகத் தழைத்திருக்கிறது என்று தனக்குள்ளே சொல்லிச் சிரித்தாள். ஆனால் உடனே திரும்பவில்லை. செருப்புக்குள்ளும் கால் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே நின்று, "இஞ்சருங்கோ, நிக்கிறீங்களே?" என்று கேட்டாள்.

நான் நின்றேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் அப்படியே நின்றிருப்பாள். கொடி ஏன் இங்கே, மரம் ஏன் இங்கே என்று எல்லாம் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவள் அழமாட்டாள், கோபிக்கமாட்டாள். எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்கச் சொல்லியிருப்பாள், நானும் வைத்திருப்பேன். ஐயா, ஒரு படவரைஞன் கோட்டை இடம் மாற்றும்போது, அந்தக் கோட்டில் நடக்கிறவர் எங்கே போய்ச் சேர்வார் என்று தெரியாமல் மாற்றுவதில்லை. மரம் ஏன் இங்கே என்று மகளும் கேட்டாள், அதற்கு உண்மையான பதில் இதுதான்.

அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

சத்தம் பெரிதாக இல்லை. பிறகு கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எங்களில் பெண்கள் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னாள். அது நிற்கும்வரை நான் படியில் நின்றேன். அந்த வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு கப்பல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முதல்முறையாகக் குறுக்கே ஒன்றும் இல்லாமல் அதைப் பார்த்தேன்.

மஹ்ரூப் சொன்னபடி ஓடித்தான் வந்தான். கிணற்றைப் பார்த்ததும் தொழுத உடுப்போடேயே குதித்தான். அவன்தான் அவளைத் தூக்கி எடுத்தான். அயலவர் கூடினார்கள், கிணற்றைத் திறந்து போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனவன் என்று அவனை இரண்டு பேர் அடித்தார்கள். "அல்லாஹ்மேல சத்தியமா நான் மூடிட்டுத்தான் போனன், சேருக்குத் தெரியும்" என்று அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன். பெண்சாதியை இழந்தவன் அப்படித்தான் செய்வான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவனுடைய மனைவி றஹ்மா போனகிழமை வந்து படலையடியில் நின்றா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சேர், அவர் மூடிட்டுத்தான் வந்தவர் எண்டு ஒருக்காச் சொல்லுங்க. உங்கட வாயால ஒரு சொல்லுப் போதும். அந்த நாளிலயிருந்து எங்கட ஊரிலயும் ஒருத்தரும் முகம் பாக்குறாங்க இல்ல" என்றா. யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்கவும் செய்தேன். மஹ்ரூப் போனபிறகு வேறு மேசனைக் கூட்டிவந்து பார்த்தேன், அவனுக்கு என் வரைபடம் பிடிபடவில்லை. கிணற்றுக்கட்டு இன்னும் அரைகுறையாகக் கிடக்கிறது.

பிறகு ஜெசிகா லண்டனிலிருந்து வந்தாள். வந்து இரண்டு நாள் வளவுக்கே போகவில்லை. நேற்றுப் பின்னேரம் குசினிப் படியில் நின்று கண்ணை மூடினாள். தாய் போனில் தான் நடக்கிற விதத்தை அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், பெருமையாகச் சொல்வாள். மகள் தூணைத் தொட்டாள். கொடியைப் பிடித்து நடந்தாள். இலை உரசியதும் கிள்ளி முகர்ந்தாள், வலப்பக்கம் திரும்பினாள். கிணற்றின்மேல் உங்கள் பொலிசார் போட்ட பலகையில் கால் தட்டியதும் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, கறிவேப்பிலை ஏன் இஞ்ச நிக்குது?"

"அந்த மூலை வெறுமையாக் கிடந்தது, மகள்" என்றேன்.

அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று செய்தேன் என்றேன், அதற்கு அவள் கேட்டதை முன்பே சொன்னேன். பிறகு உள்ளே போய் உங்களுக்கு அழைப்பு எடுத்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்துதான் போட்டேன், ஒன்றைத் தவிர. எங்கள் வழக்கப்படி தாய்க்குப் பிறகு வீடு மகளுக்கு. அது எனக்கு நினைவில் இல்லாமல் போய்விட்டது. கறியில் போட்ட கறிவேப்பிலை போல நான் திரும்பவும் தட்டின் ஓரத்துக்குத்தான். இன்று காலையில் அவள் சொல்லிவிட்டாள், கல்லையெல்லாம் கிளறி எறிந்து, கொடியைப் பழைய இடத்தில் கட்டி, அம்மா வைத்திருந்த மாதிரியே திரும்ப வைக்கப் போகிறாளாம். அதனால்தான் நீங்கள் கேட்குமுன்பே நான் எல்லாம் சொல்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கிறேஸை நான்தான் கொன்றேன். மஹ்ரூப் குற்றமற்றவன், அவனை வெளியில் விடுங்கள், வந்து கிணற்றுக்கட்டை வரைபடத்தில் உள்ளபடி முடிக்கட்டும். மூடியையும் மறக்காமல் பூட்டச் சொல்லுங்கள்.

மற்றது என் மகளிடம் நீங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நான் போகிற இடத்தில் எனக்குப் பார்க்கச் சுவர்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இந்த வளவில்தான் நடக்கப் போகிறேன், முழுவதையும் மனதில் வைத்திருக்கிறேன். ஒன்றையும் இடம் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா. மாற்றினால் எனக்கு வழி பிழைத்துவிடும்.